கூரையில் கொக்கி மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டறை ஒன்றில் இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது அது சரிந்து விழுந்து தொழிலாளி ஒருவர் காயமடைந்தார் என்ற செய்தியைச் சமீபத்தில் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் படித்தேன். ஆறேழு வரிச் செய்தி. காயம்பட்டவரின் வயது இருந்தது, ஊர் இருந்தது, எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்பதும் இருந்தது. அந்த இயந்திரம் எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் இல்லை. என்னைப் போன்ற பட்டறைக்காரன் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். கூரைக் குழாயில் தொங்கியதா, மூன்று கால் ட்ரைபாடிலா? சுமையைக் கட்டித் தூக்கும் பட்டை அறுந்ததா, கொக்கி வாய் விரிந்ததா, கால் நழுவியதா? அது தெரிந்தால்தான் இன்னொரு பட்டறையில் இன்னொருவர் சுதாரிக்க முடியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கோவை ஆவாரம்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை வைத்திருப்பவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, சில பம்ப் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பழைய லேத் (கடைசல் இயந்திரம்), ஷேப்பர், டிரில்லிங் மிஷின்களை வாங்கிப் பிரித்து, 'பெட்' என்ற அடித்தளத்தைச் சுரண்டி மட்டம் பார்த்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து விற்கிறேன். முன்பக்கம் வீடு, பின்பக்கம் ஷெட். கணபதி, பாப்பநாயக்கன்பாளையம், சிங்காநல்லூர் என்று இந்த ஊரில் சந்துக்குச் சந்து இப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு. இரண்டு பேர், மூன்று பேர் வேலை செய்யும் இடங்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் செய்த ஊர் இது. வேண்டிய கருவியை நாமே செய்துகொள்வோம் என்ற துணிச்சல் இங்கே யாருக்கும் குறைவில்லை. ஆனால் எடை தூக்கும் விஷயத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் தப்பான பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் கவலை.

ஆறடி லேத் ஒன்று 800, 900 கிலோ வரும். என்னிடம் வந்த ஒன்றை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது 860 கிலோ காட்டியது. இதை வண்டியிலிருந்து இறக்க வேண்டும், ஷெட்டுக்குள் கொண்டுபோக வேண்டும், பிரித்துப் பூட்ட வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். ஹைட்ரா என்கிற கிரேன் வண்டி எங்கள் சந்துக்குள் திரும்பாது. திரும்பினாலும் ஷெட்டின் கூரைக்கு அடியில் அதன் கை நுழையாது. ஆகவே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கூரையைத் தாங்கும் குழாயில் ஒரு சங்கிலியைச் சுற்றி, அதில் கைச்சங்கிலியை இழுத்து எடை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி இழுப்பது.

அந்தக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் எடைக்கும் காற்றுக்கும் போட்டது. நடுவில் ஒரு டன்னைத் தொங்கவிட யாரும் அதற்குக் கணக்குப் போடவில்லை. ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், ஒரு டன் செயின் பிளாக்கின் கைச்சங்கிலியை இழுக்கிறவருக்கு ஏறக்குறைய 30 கிலோ இழுவைதான் தெரியும். கை நோகாது, மூச்சு வாங்காது. மேலே கூரைக் குழாயோ முழு ஒரு டன்னையும், அதோடு செயின் பிளாக்கின் எடையையும், இவர் கீழே இழுக்கும் இழுவையையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கும். இழுக்கிறவரின் கைக்குக் கிடைக்காத எச்சரிக்கை வேறு எங்கிருந்தும் வருவதில்லை.

பக்கத்துப் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். என்னைவிட வயதில் மூத்தவர், லேத் ஓட்டுவதில் நல்ல டர்னர். "இத்தன வருஷமா தூக்கறமுங்க தம்பி, ஒண்ணும் ஆகலீங்களே" என்றார். அவரை வெளியே கூட்டிப்போய், கூரைக் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூண்டில் நரம்பை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் குழாய் கீழே இறங்கி அப்படியே நின்றிருந்தது. எடையை எடுத்த பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாத இரும்பு, தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்ட இரும்பு. அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அங்கிருந்த சங்கிலியைக் கழற்றிவிட்டார்.

கூரை வேண்டாம் என்றால் வேறு என்ன? ட்ரைபாட் போர்வெல் மோட்டாரைத் தூக்க நல்லது. நேராக மேலே இழுத்தால் போதும். இயந்திரத்தைத் தூக்கியபின் பக்கவாட்டில் கொண்டுபோய் வண்டியில் வைக்க வேண்டும், அது ட்ரைபாடால் ஆகாது. அதற்கு வேண்டியது கேன்ட்ரி கிரேன்: இரண்டு பக்கமும் 'ஏ' எழுத்தைப் போல் விரிந்த கால்கள், மேலே குறுக்காக 'ஐ' எழுத்து வடிவ இரும்புச் சட்டமான ஐ-பீம், பீமின் அடிவிளிம்பில் ஓடும் ட்ராலி, அதில் செயின் பிளாக், கீழே நான்கு சக்கரம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் ரப்பர் சக்கரக் கிரேனும் அடிப்படையில் இதே உருவம்தான். வேலை முடிந்தால் ஓரமாக உருட்டிவிடலாம். கழற்றி வைக்கலாம். வாடகை வீட்டுக்காரருக்கும் தோதானது, ஏனென்றால் சுவரிலோ கூரையிலோ ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

நான் செய்தது 1 டன்னுக்கு. கால்களுக்கு இடையே 3 மீட்டர், பீமின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம். பீம் எடுக்கும்போது இரும்புக் கடையில் எல்லோரும் "150 பீம் போதுங்க" என்றார்கள், அதாவது 150 மி.மீ. உயரமுள்ள பீம். காகிதத்தில் போட்டால் அப்படித்தான் தெரியும். எடை நடுவில் தொங்கும்போது வளைவுத் திருப்புத்திறன் (பெண்டிங் மொமென்ட்) என்பது எடையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுப்பது. 1000 கிலோ, 3 மீட்டர் என்றால் 750 கிலோ-மீட்டர். 150 பீமின் செக்‌ஷன் மாடுலஸ், அதாவது அதன் குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு, ஏறக்குறைய 96 கன செ.மீ. வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 780 கிலோ சொச்சம். சாதாரண ஸ்ட்ரக்சுரல் இரும்பு 2500 கிலோ வரை நெளியாமல் நிற்கும். மூன்று மடங்கு கையிருப்பு இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். ஐ-பீம் நீளமாக, நடுவில் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாமல் இருந்தால், கீழ்நோக்கி வளைந்து ஒடியும்வரை காத்திருக்காது. அமுக்கப்படும் மேல்விளிம்பு பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும், பீம் முறுக்கிக்கொண்டு சாயும். 150 பீமின் விளிம்பு அகலம் 75 மி.மீ.தான், 3 மீட்டர் நீளத்துக்கு அது மெலிந்த உடம்பு. ஆகவே அனுமதிக்கும் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். சங்கிலி வெட்டி இழுக்கும்போது வரும் குலுக்கலுக்கு 25 சதவீதம் கூட்ட வேண்டும், செயின் பிளாக், ட்ராலி எடையைச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் சேர்த்தால் 150 பீம் தாங்கும் எல்லையில் வந்து நிற்கிறது. நான் 200 பீம் போட்டேன். மீட்டருக்கு 25 கிலோ எடை, விளிம்பு அகலம் 100 மி.மீ., செக்‌ஷன் மாடுலஸ் இரு மடங்குக்கும் மேல். ட்ராலி சக்கரங்கள் அடிவிளிம்பின் ஓரத்தை மிதித்துக் கீழே மடக்கப் பார்க்கும். அதற்கும் விளிம்பு தடிமனாக இருப்பது நல்லது. கூடுதலாகப் போன இரும்பு முப்பது, முப்பத்தைந்து கிலோ. அதன் விலைக்கு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கால்கள் மூன்று அங்குல சி-கிளாஸ் (தடித்த சுவருள்ள) பைப். அடியில் 1.5 மீட்டர் விரிப்பு, மேலே 12 மி.மீ. பிளேட்டில் சேர்கின்றன, கீழே 100 மி.மீ. சேனல் இரும்பு இரண்டையும் கட்டுகிறது. 'ஏ' வடிவம் ஒரு திசைக்குத்தான் காவல். பீமின் நீளவாக்கில் தள்ளினால் அந்த 'ஏ' ஒன்றும் செய்யாது. இரண்டு காலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சதுரம் சாய்சதுரமாகிப் படுத்துவிடும். ட்ராலியைச் சங்கிலியால் இழுத்து நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கிரேன் வாங்கும் தள்ளல் அந்தத் திசையில்தான் வருகிறது. ஆகவே காலுக்கும் பீமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் 45 பாகையில் முட்டு கொடுக்க வேண்டும். என் முட்டுகள் மூலையிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் போய்ச் சேர்கின்றன. நிறையப் பேர் இதைப் போடுவதில்லை, ஏனென்றால் ட்ராலி ஓடும் தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இரு பக்கமும் அரை மீட்டர் ஓட்டம் போனாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன். முட்டு இல்லாமல், பீமும் காலும் சேரும் இடத்தில் நான்கு போல்ட்டை மட்டும் நம்பிச் செய்த கேன்ட்ரிகளைப் பார்த்திருக்கிறேன். காலியாக உருட்டும்போதே கோயில் தேர் போல ஆடுகின்றன.

வெல்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெல்டர் தம்பி ஒருவர் உதவிக்கு வந்தார். கேட், கிரில் வேலையில் நல்ல கை. கிரேன் மூட்டு வேறு. கேட்டில் வெல்டிங் பற்று விட்டால் கேட் தொங்கும், இங்கே விட்டால் ஆள் போவார். அவரிடம், "தம்பி, மொதல்ல ரெண்டு துண்டப் பத்த வெச்சுக் குடுங்க, ஒடச்சுப் பாக்கலாம்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. 10 மி.மீ. பிளேட்டில் இரண்டு துண்டை 'டி' போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்தார். மேலாகப் பார்த்தால் வரிவரியாக, கையெழுத்துப் போல் சீராக இருந்தது. வைஸில் பிடித்துச் சம்மட்டியால் பற்று திறக்கும் பக்கமாக அடித்தோம். சில அடிகளிலேயே பிளந்துகொண்டது. உள்ளே, இரண்டு பிளேட்டும் சந்திக்கும் வேரில், நீளத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு. ஸ்லாக் என்ற வெல்டிங் கசடு உள்ளேயே தங்கியிருக்கிறது. வேர்வரை இரும்பு உருகவேயில்லை. கோட்டுக்கு மேலே அங்கங்கே ஊசிமுனை ஓட்டைகள், ராடு ஈரம் குடித்ததன் அடையாளம்.

தம்பி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவராகவே, "ஆம்ப்ஸ ஏத்தோணும்ணா, ராடையும் மாத்திக்கலாம்" என்றார். 6013 என்ற வெல்டிங் ராடை வைத்துவிட்டு 7018 ராடை எடுத்தோம். அதை அடுப்பில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பயன்படுத்தினோம். பைப்பின் முனைகளையும் பிளேட்டின் பரப்பையும் வெள்ளி தெரியும்வரை கிரைண்டரில் அரைத்துக்கொண்டோம். அதன்பின் உடைத்த துண்டில் பற்று பிளக்கவில்லை, பிளேட்டே மடங்கியது. ஒருவழியாக அடித்துத் திறந்தபோது உள்ளே வேர்வரை ஒரே சாம்பல் வெள்ளை மணி. அதைப் பார்த்த பிறகுதான் உண்மையான மூட்டுகளில் கை வைத்தோம். எந்தப் பட்டறையிலும் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. வெல்டரின் திறமையைச் சந்தேகிப்பதாக யாரும் நினைக்கக் கூடாது. அவருக்கே அவர் வேலையின் உள்பக்கத்தைக் காட்டும் வழி வேறு கிடையாது.

பீமையும் காலையும் சேர்ப்பது மட்டும் போல்ட்டில், கழற்றி வைப்பதற்காக. தலையில் வலுவின் தரமாக 8.8 என்று பொறித்த எம்20 போல்ட், தானாகக் கழலாத நைலாக் நட். பொறிப்பே இல்லாத போல்ட்டை "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று கடையில் தருவார்கள், வாங்க வேண்டாம். பீமின் இரு முனையிலும் ட்ராலி வெளியே ஓடிவிடாமல் ஸ்டாப்பர் கட்டாயம். ட்ராலி வாங்கும்போது அதன் சக்கரத்தைப் பாருங்கள்: நம் ஊர் ஐ-பீமின் விளிம்பு உள்பக்கம் சரிவாக இருக்கும், அந்தச் சரிவுக்கு ஏற்பச் சக்கரமும் சரிவாகக் கடைந்திருக்க வேண்டும். தட்டையான சக்கரம் ஒரு கோட்டில் மட்டுமே உட்காரும்.

சக்கரத்தில் எல்லோரும் போடும் கணக்கு, 1 டன்னை நான்கால் வகுத்தால் 250 கிலோ, ஆகவே 300 கிலோ சக்கரம் போதும் என்பது. ட்ராலி ஒரு பக்கக் காலுக்கு அருகே போகும்போது எடை முழுவதும் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரத்தின் மேல்தான் இறங்குகிறது. ஒரு சக்கரத்துக்கு 500 கிலோவுக்கு மேல் ஆயிற்று. கிரேனின் சொந்த எடை என்னுடையதில் 270 கிலோ அளவுக்கு வருகிறது. அதில் கால் பங்கையும் சேருங்கள். கிட்டத்தட்ட 600. நான் 750 கிலோ தாங்கும், பூட்டு உள்ள சக்கரமாக வாங்கினேன். அதுவும் போதாது என்று சேனலின் நான்கு முனையிலும் ஸ்க்ரூ ஜாக் வைத்து, தூக்கும்போது அவற்றை இறக்கிச் சக்கரத்தின் மேல் எடையே இல்லாமல் செய்கிறேன். ஜாக் இருக்கும்போது பெரிய சக்கரம் எதற்கு என்று கேட்கலாம். என்றாவது ஒரு நாள் யாராவது அவசரத்தில் ஜாக்கை இறக்க மறப்பார்கள், அதற்குத்தான்.

சுமையோடு நான் கிரேனை உருட்டுவதில்லை. தூக்கிய பிறகு கிரேன் நிற்கும், வண்டிதான் அடியில் வரும், போகும். பக்கவாட்டில் நகர்த்த ட்ராலி இருக்கிறது. சக்கரம் ஒன்று தரையிலுள்ள ஒரு போல்ட் தலையில் முட்டி நின்றால் போதும், மேலே தொங்கும் இயந்திரம் நிற்காமல் முன்னே போகும், கிரேன் அதன் பின்னால் சாயும். காலியாக உருட்டும்போதும் கீழே சேனலைப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். வீட்டு முற்றத்தில் உருட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தண்ணீர்த் தொட்டி மூடி, செப்டிக் டேங்க் ஸ்லாப். சக்கரத்தின் எடை உள்ளங்கை அளவு இடத்தில்கூட இல்லை, அதற்கும் குறைவான இடத்தில் இறங்குகிறது. ஸ்லாப் எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்தில் நிறுத்தாதீர்கள். அண்ணாந்து ஈ.பி. சர்வீஸ் ஒயர் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைத் தீர்மானிக்கும்போது வண்டித் தளத்தின் உயரம், இயந்திரத்தின் உயரம், பட்டை விரியும் உயரம், செயின் பிளாக்கை முழுக்கச் சுருக்கினாலும் அது எடுத்துக்கொள்ளும் உயரம், இவ்வளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பட்டை விரியும் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு காலாகப் பிரியும் பட்டை தரைமட்டத்துக்கு 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலிலும் எடையின் 58 சதவீதம் இழுக்கும். தாழ்ந்து 30 பாகைக்கு வந்தால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் இழுக்கும். ஊதா நிறப் பட்டை 1 டன், பச்சை 2 டன். நான் 1 டன் வேலைக்குப் பச்சையைத்தான் எடுக்கிறேன், லேத்தின் கூர் விளிம்பில் பழைய டயர்த் துண்டை வைத்து. லேத்தில் சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். நகரும் பாகங்களான சேடிலையும் டெய்ல்ஸ்டாக்கையும் மறுமுனைக்கு நகர்த்திப் பூட்டினால் ஓரளவு சமன் கிடைக்கும். ஒரு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

செய்து முடித்ததும் நேராக வேலைக்கு எடுத்துவிடக் கூடாது. எழுதியிருக்கும் எடையைவிட 25 சதவீதம் கூடுதலாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். தெரிந்த பழைய இரும்புக் கடையில் ரவுண்டு ராடு கட்டுகளைக் கேட்டு வாங்கி, எடைமேடைச் சீட்டோடு 1250 கிலோ சேர்த்தேன். பீமின் மேல் இரு முனையிலும் ஒரே உயரக் கட்டை வைத்துத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்டீல் ஸ்கேல் நிறுத்தினோம். பற்றவைத்த மூலைகளில் எல்லாம் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டேன். இது பழைய ஆட்களின் வித்தை. இரும்பு எல்லை மீறி நீண்டால் அதன் மேலுள்ள சுண்ணாம்பு மயிர்க்கோடாக வெடித்து உதிரும், கண்ணுக்குத் தெரியாத நெளிவும் தெரிந்துவிடும். எடைக்கு அடியில் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, தரையிலிருந்து நான்கு விரல்தான் தூக்கினோம். கணக்குப்படி நடுவில் 1.6 மி.மீ. இறங்க வேண்டும், ஸ்கேலில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றது. கால்மணி நேரம் யாரும் அருகே போகவில்லை. ட்ராலியை இரு முனைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தோம். இறக்கியதும் நரம்பு பழைய இடத்துக்கே வந்தது. மூலைகளில் சுண்ணாம்பு முழுதாக இருந்தது. அதன் பிறகுதான் பீமின் இரு பக்கமும் "1 டன்" என்று ஓர் ஆள் தூரத்திலிருந்து படிக்கும்படி மஞ்சளில் எழுதினேன். கொக்கியின் வாயின் இரு பக்கமும் பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்து, அவற்றின் இடைவெளியைச் சுவரில் எழுதியிருக்கிறேன். அந்த இடைவெளி கூடினால் கொக்கி மாற வேண்டும்.

இதெல்லாம் சட்டத்திலேயே இருந்தது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் கருவி எதுவானாலும் நல்ல பொருளில் போதிய வலுவோடு இருக்க வேண்டும், தாங்கும் எடையை அதன் மேல் எழுத வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. என் பட்டறையும் என் தெருவில் உள்ள எல்லாப் பட்டறைகளும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன. இன்ஸ்பெக்டரை வீட்டுப் பட்டறைக்குள் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சோதித்துக்கொள்ள விரும்புகிறவனுக்கு ஒரு வழி வேண்டும் என்று கேட்கிறேன். கட்டணம் கொடுக்கத் தயாராக நான் சிலரை அணுகியபோது, "இவ்வளவு சின்னதுக்கெல்லாம் நாங்க வர்றதில்லீங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

கண் பரிசோதனை முகாம் நடத்துகிற மாதிரி, தொழிற்பேட்டைகளில் வருடத்துக்கு ஒருநாள் எடை தூக்கும் கருவிகளுக்கு முகாம் நடத்தலாம். அரசு பாலிடெக்னிக் மெக்கானிக்கல் ஆசிரியர்கள் இரண்டு பேர், கணக்குத் தெரிந்த மாணவர்கள் சிலர், எடை தெரிந்த இரும்புக் கட்டிகள், ஒரு எடைமேடைச் சீட்டு. பட்டறைக்காரர்கள் செயின் பிளாக்கையும் பட்டையையும் கொக்கியையும் எடுத்து வருவார்கள். கழற்றக்கூடிய கேன்ட்ரியை ஒரு சின்ன வண்டியில் கொண்டுவந்து பூட்டிவிடலாம். மாணவர்களுக்கும் பாடப் புத்தகத்து பீம் உயிரோடு வளைவதைப் பார்த்த மாதிரி இருக்கும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் தொழில் சங்கங்களும் மனது வைத்தால் பெரிய செலவில்லை. ஐ.டி.ஐ. ஃபிட்டர், வெல்டர் படிப்பில் பட்டை கட்டுவதும் கொக்கி பார்ப்பதும் கையால் செய்யும் பாடமாக, தேர்வோடு இருக்க வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதில் பட்டறைக்கு வரும் பையனைத்தான் "அடியில போய்ப் பட்டையக் கோத்துடு" என்று முதலில் அனுப்புகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இடத்தில் அப்படி அனுப்பப்பட்ட பையனின் இடது கால் விரல்கள் போயின. கூரையில் கட்டிய பைப் கிளாம்ப் கழன்று ஒரு கியர் பாக்ஸ் அரையடி உயரத்திலிருந்து இறங்கியது, அவ்வளவுதான். அரையடி. அவர் பிறகு கடை வைத்துப் பிழைத்துக்கொண்டார், லேத் பக்கம் மறுபடி வரவில்லை. அவர் எனக்கு இரண்டு வயது இளையவர்.

செலவு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: செயின் பிளாக் நீங்கலாக, இரும்பு, சக்கரம், ட்ராலி, போல்ட், ராடு, வெல்டர் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு முப்பத்தைந்தாயிரத்தை ஒட்டி வந்தது. தெருவுக்கு ஒன்று போதும். என்னுடையதை இப்போது நான்கைந்து பட்டறைக்காரர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். யார் எடுத்துப் போனாலும் கொக்கிப் புள்ளியை அளந்து சுவர் எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். பட்டறை விபத்து எதுவானாலும், சுமை எதில் தொங்கியது, எத்தனை கிலோ, எது கைவிட்டது என்ற மூன்றையும் செய்தியாளர்கள் கேட்டு எழுதச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் அது கிடைக்காது. அங்கே வேலை செய்யும் ஃபிட்டரைக் கேட்டால் சொல்லிவிடுவார். இரண்டாவது, கேன்ட்ரியின் அளவுகளைக் கையால் வரைந்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அச்சிட இடமிருந்தால் முழுப் படத்தைச் சிறியதாகப் போட்டுவிட்டு, முட்டு வந்து பீமில் சேரும் மூலையை மட்டும் பெரிதாகப் போடுங்கள். பார்த்துச் செய்கிறவர்கள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
ஆவாரம்பாளையம், கோவை.